பீப்பாயை நகர்த்திய மின்கலம்

2003-ஆம் ஆண்டு அப்பா வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து வாங்கித் தந்த கணினி, பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் சென்னை வீட்டின் பரணில் ஒரு பழைய போர்வைக்கு அடியில் கிடந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசசர், இன்டெல் 845 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440 கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அதில் இருந்தன. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் பெதஸ்டா நிறுவனம் 2002 மே மாதம் வெளியிட்ட மூன்றாவது ஆட்டமான மோரோவிண்டை நான் முதன்முதலில் ஆடியது அந்தப் பெட்டியில்தான். கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு கைதியாக, வார்டென்ஃபெல் தீவின் சேய்டா நீன் என்னும் சேற்றுக்கரை ஊரில் தொடங்கும் அந்த ஆட்டம், எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. ஊர்க்காரர்கள் சொல்லும் வழியைக் காதில் வாங்கிக்கொண்டு, மலையையும் ஆற்றையும் அடையாளம் வைத்து நாமே நடந்து போக வேண்டும். அப்படி நடந்த நடையின் சேமிப்புக் கோப்புகளும், அந்த ஆட்டத்துக்காக நானே செய்த முதல் சிறிய மாட் (ஆட்டக்காரர்களே ஆட்டத்தில் செய்து சேர்க்கும் மாற்றம்) ஒன்றும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அவற்றை மீட்கவே பெட்டியை இறக்கினேன். இறக்கிய பிறகு, கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை.

பழைய கணினியைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள் என்பதே. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பிலிருந்து யுஎஸ்பி-க்கு மாற்றும் இணைப்பி வழியாக மடிக்கணினியில் செருகி, முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பக் கோப்பாக நகல் எடுத்த பிறகுதான் நான் மற்ற எதையும் தொட்டேன். பல ஆண்டுகள் சும்மா கிடந்த டிஸ்க் முதல் நாள் நன்றாகச் சுழன்று, மூன்றாம் நாள் எழாமல் போவது உண்டு. அதனால் அது சுழல்கிற முதல் வாய்ப்பிலேயே நகலை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது மின்வழங்கி, அதாவது நாம் எல்லோரும் எஸ்எம்பிஎஸ் என்று சொல்வது. அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவில், மதர்போர்டு பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையில் நான் என் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது, மேசை விளக்கின் அடியிலிருந்து தலையை எடுக்காமலே அந்த அண்ணன் சொன்னார்: “தம்பி, முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ அளந்து பாருங்க. அத விட்டுட்டு போர்டு மேல பழி போடாதீங்க.” வீட்டுக்கு வந்து, மதர்போர்டிலிருந்து பிரித்த இருபது முனை இணைப்பியில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு காகிதக் கவ்வியால் இணைத்து, மின்சாரத்தை இழுக்கும் பாரமாக ஒரு பழைய சிடி டிரைவை இணைத்து மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட் இருக்க வேண்டிய மஞ்சள் கம்பியில் 10.9 மட்டுமே வந்தது. ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கம்தான் அனுமதி, 11.4-க்குக் கீழே போனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பக் கூடாது. பிராசசருக்கான மின்னழுத்தத்தை பென்டியம் 4 காலத்துப் போர்டுகள் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் பிரித்தெடுக்கின்றன. அது தளர்ந்தால் ராம் கெட்டது போலவும், விண்டோஸ் கெட்டது போலவும், ஆட்டத்தில் கோளாறு போலவும் பல வேடங்களில் நோய் தலைகாட்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பழுதுபார்க்க நான் முயலவில்லை, பழகாதவர்கள் யாரும் முயலவும் வேண்டாம். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்னோட்டமாக (டிசி) மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தேங்கி நிற்கக்கூடும். புதிதாக ஒன்று வாங்கினேன்.

மதர்போர்டைத் திறந்து பார்த்ததும் நோயின் அடுத்த பாகம் கண்ணுக்கே தெரிந்தது. பிராசசரைச் சுற்றி நின்ற, மின்னைத் தேக்கிச் சீராக்கும் சிறு உருளைகளான கெபாசிட்டர்களில் ஆறின் தலை தட்டையாக இல்லாமல் உளுந்து வடை போல உப்பியிருந்தது. ஒன்றின் தலையில் இருந்த குறுக்குக் கீறல் பிளந்து, துருநிறப் பொருக்கு வெளியே வந்து காய்ந்திருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் செய்யப்பட்ட ஏராளமான போர்டுகளுக்கு இந்தக் கதி நேர்ந்தது. கெபாசிட்டருக்குள் இருக்கும் மின்பகு திரவத்தின் சேர்மானம் சரியாக அமையாததால் உள்ளே வாயு உண்டாகி, அது வெளியேற வழி தேடும். கீறல் போட்டு வைத்திருப்பதே, வெடிக்காமல் அங்கே பிளந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். மாற்றும்போது அதே மைக்ரோ ஃபாரட் அளவு, அதே வோல்ட் அளவு அல்லது அதைவிடக் கூடுதல், 105 டிகிரி தாங்கும் குறைந்த உள்மின்தடை வகை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். என் போர்டில் இருந்தவை 3300 மைக்ரோ ஃபாரட், 6.3 வோல்ட். மூன்றாவது நிபந்தனையை மறந்து, கண்ணில் பட்ட சாதாரண வகையை வாங்கிப் போட்டால் கணினி ஓடும். ஆனால் நீண்ட நாள் ஓடாது.

கழற்றும் வேலையில் எனக்கு இரண்டு மாலைகள் போயின. என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன், போர்டுக்குள் பொது எதிர்முனையாக (கிரவுண்ட்) விரிந்திருக்கும் தகட்டோடு இணைந்த காலில் வைத்தபோதெல்லாம் சூடு முழுவதையும் அந்தச் செம்புத் தகட்டிடம் பறிகொடுத்துவிட்டு ஈயத்தை உருக்காமல் நின்றது. வலுவாக அழுத்தினால் துளையின் உட்பூச்சு பெயர்ந்துவிடும் என்பதால் நிறுத்திக்கொண்டு, 60 வாட் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கிச் சேர்த்தால் இரண்டும் கலந்து எளிதாக இளகும். கெபாசிட்டரை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து ஒரு காலையும், மறுபக்கம் சாய்த்து இன்னொரு காலையும் மாற்றி மாற்றி இறக்கினால் போர்டுக்குக் காயம் படாது. அடைபட்ட துளையை, ஈயம் இளகியிருக்கும்போதே பல் குத்தும் மரக்குச்சியால் திறந்தேன். மரத்தில் ஈயம் ஒட்டாது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கழற்றுவதற்கு முன் போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டரின் உடலில் உள்ள பட்டை எதிர்முனையைக் காட்டும். ஆனால் போர்டில் அச்சிட்ட வட்டத்தின் நிழலிட்ட பாதி எந்த முனையைக் குறிக்கிறது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். அச்சை நம்பித் தலைகீழாகப் பொருத்திவிட்டால் மின்சாரம் கொடுத்ததும் கெபாசிட்டர் வெடித்துவிடும்.

பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கைக் கழற்றியபோது ஒரு தவறு செய்தேன். 478 ஊசிக்கால்கள் கொண்ட அந்தக் காலத்து பென்டியம் 4-இல், சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கல்லாகி, பிராசசரை ஹீட்சிங்கோடு ஒட்டிவைத்துவிடும். நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கும் அப்படியே வந்தது. பதினோரு ஊசிகள் வளைந்திருந்தன. முனை நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் வாயில் ஒவ்வோர் ஊசியையும் நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்த்தினேன். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டோ, ஓடாத கணினி என்றால் முடி உலர்த்தியால் சூடாக்கியோ, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ராமின் பொன்னிறத் தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்க்கும் நம் ஊர் வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது பலன் தரும், ஆனால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு கரையும். நான் இப்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியையே பயன்படுத்துகிறேன்.

கிராபிக்ஸ் கார்டை மாற்றியது மோரோவிண்டின் தண்ணீருக்காக. அந்த ஆட்டத்தில் கரையையும் வானத்தையும் பிரதிபலித்து அலையும் நீர்ப்பரப்பு, திரையின் ஒவ்வொரு புள்ளியின் (பிக்சல்) நிறத்தையும் தனியே கணக்கிடும் பிக்சல் ஷேடர் என்னும் வசதி உள்ள கார்டில் மட்டுமே தெரியும். என் எம்எக்ஸ் 440, பெயரில் ஜிஃபோர்ஸ் 4 என்று இருந்தாலும், அந்த வசதி இல்லாத கார்டு. கல்லூரிக் காலம் முழுவதும் நான் பார்த்தது நீலப் பூச்சு பூசிய ஒரு தட்டைத் தரையைத்தான். ரிச்சி தெருவில் பழைய கார்டுகள் குவித்திருந்த ஒரு கூடையிலிருந்து ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 ஒன்றைத் தேடி எடுத்தேன். ஏஜிபி (அந்தக் காலத்துக் கிராபிக்ஸ் கார்டுக்கான செருகுவாய்) கார்டு தேடுகிறவர்கள் தொடுமுனை விளிம்பில் உள்ள வெட்டைக் கவனிக்க வேண்டும். 845 போர்டு 1.5 வோல்ட் கார்டுகளை மட்டுமே தாங்கும், 3.3 வோல்ட்டுக்கான மிகப் பழைய கார்டை எப்படியாவது நுழைத்துவிட்டால் போர்டே எரிந்துபோகும். கார்டைப் பொருத்தி, டிரைவர் போட்டு, சேய்டா நீனின் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே போய் நின்றபோது, அந்தி வெளிச்சம் தண்ணீரில் நெளிவதை முதன்முதலாகப் பார்த்தேன். எழுந்து போய் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

இனி மாட் பற்றி. மோரோவிண்டின் கணினிப் பதிப்போடு கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற கருவியையும் கொடுத்தார்கள். தீவை உருவாக்கியவர்கள் பயன்படுத்திய கருவியின் ஒரு வடிவம் அது. வீடு, மரம், மனிதர், உரையாடல் எதையும் அதில் மாற்றலாம், புதிதாக வைக்கலாம். தீவு முழுவதும் இஎஸ்எம் என்ற வகைத் தாய்க்கோப்பில் இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் இஎஸ்பி என்ற வகைச் சிறு கோப்பில் தனியே சேரும். ஆட்டம் தொடங்கும்போது முதலில் தாய்க்கோப்புகளும், அவற்றின் மேல் இந்தச் சிறு கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஏறும். ஒரே பொருளை இரண்டு கோப்புகள் மாற்றியிருந்தால் கடைசியாக ஏறியதன் சொல்லே நிற்கும். அதனால்தான் மாட் போடுகிறவர்களுக்கு ஏறும் வரிசை உயிர்நாடியாகிறது.

பெட்டி ஓடத் தொடங்கிய பிறகு நான் புதிதாகச் செய்ய விரும்பிய மாட் மிகச் சிறியது. சேய்டா நீனில் ஆட்டக்காரர் முதன்முதலில் பொருள் வாங்கப் போகும் வணிக விடுதியின் முன்னால் தமிழில் ஒரு பெயர்ப்பலகை வைக்க ஆசைப்பட்டேன். எழுத்தாகத் தட்டச்சு செய்து வைக்க வழியில்லை. மோரோவிண்டின் கோப்புகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய விண்டோஸ் குறியீட்டு முறையில் அமைந்தவை, அந்த முறையில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே எழுத்தை ஓவியமாக்கினேன். பலகையின் மேல் ஒட்டப்படும் படத்தை 256-க்கு 256 பிக்சல் அளவில் எடுத்துக்கொண்டு, மர நிறத்தின் மேல் ‘அங்காடி’ என்று எழுதி, டிடிஎஸ் என்ற சுருக்கப்பட்ட பட வடிவத்தில் சேமித்தேன். படத்தின் பக்க அளவுகள் 128, 256, 512 என இரண்டின் அடுக்குகளாக இருப்பது அவசியம்.

முதல் முயற்சியில் பலகைக்கு நேர் எதிரே நின்றால் எழுத்து தெளிவாக இருந்தது. பத்தடி பின்வாங்கியதும் ‘அஙகாடி’ ஆகிவிட்டது. தொலைவில் காட்டுவதற்காக ஆட்டம் அதே படத்தின் பாதி அளவு, கால் அளவுப் பிரதிகளைப் பயன்படுத்துகிறது. அவற்றில் ‘ங்’ மேல் இருந்த என் மெல்லிய புள்ளி கரைந்துபோயிருந்தது. போதாததற்கு, டிடிஎஸ் சுருக்கம் நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக நிறத்தைத் தோராயப்படுத்துவதால் ‘டி’யின் மேல்வளைவு மரநிறத்தோடு ஒட்டிக்கொண்டது. புள்ளியை அதன் இயல்பான அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கி, எழுத்துக்கும் மரத்துக்கும் இடையே ஒரு கருங்கோடு ஓட்டி, நான்காம் முறை சேமித்தபோதுதான் தெருமுனையிலிருந்து படிக்க முடிந்தது. இன்னொரு பாடமும் அங்கே கற்றேன். இருக்கும் பலகையின் படத்தை அப்படியே மாற்றினால், அந்தப் படத்தைப் பயன்படுத்தும் எல்லாப் பலகைகளும் தீவு முழுவதும் மாறிவிடும். பலகையின் வடிவக் கோப்பை வேறு பெயரில் நகல் எடுத்து, நிஃப்ஸ்கோப் என்ற கருவியால் அதனுள் இருக்கும் படத்தின் பெயரையும் மாற்றி, புதிய அடையாளப் பெயருடன் ஒரு புதுப் பொருளாகக் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் சேர்ப்பதே முறை.

அப்போது நான் போட்டிருந்த வேறொரு மாட், ஊரை அழகுபடுத்தும் பொருட்டுத் தாய்க்கோப்பில் உள்ள ஒரு பீப்பாயை விடுதிக்கு முன்னால் நகர்த்தி வைத்திருந்தது. அது சரியாக என் பலகையை மறைத்தது. ஆகவே என் கோப்பிலும் அதே பீப்பாயைத் தொட்டு, நான்கடி தள்ளி வைத்துச் சேமித்தேன். பலகை தெரிந்தது. ஒரு வாரம் கழித்துப் பலகையின் சாய்வைச் சற்றே திருத்திச் சேமித்துவிட்டு ஆட்டத்துக்குள் போனால், பீப்பாய் மறுபடியும் பலகையின் முன்னால் வந்து நின்றது. கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் திறந்து பார்த்தால் நான் நகர்த்திய இடத்திலேயே இருந்தது. மீண்டும் சேமித்தேன், மாறவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு முறை சேமித்ததும் சரியாயிற்று. பிறகு ஒரு மழை நாளில் மறுபடி திரும்பி வந்தது. புதிய கார்டைச் சந்தேகித்தேன், ஒட்டிய கெபாசிட்டர்களைச் சந்தேகித்தேன், ராமை ஓரிரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனை மென்பொருளில் ஓட்டினேன், மற்ற மாட்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

விடை, கோப்புறையை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தபோது கிடைத்தது. முந்தைய நாள் நான் சேமித்த கோப்பின் எதிரே 2002 ஜனவரி 1 என்று இருந்தது. ஆட்டம் வெளிவருவதற்கே நான்கு மாதம் முந்தைய தேதி. மோரோவிண்ட் தன் இஎஸ்பி கோப்புகளை ஏற்றுவது அவை கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியின் வரிசையில். பழைய தேதி முதலில் ஏறும், புதிய தேதி கடைசியில் ஏறி வெல்லும். என் கோப்பின் தேதி 2002-க்குப் போய்விட்டதால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறியது. அதன் பின்னால் ஏறிய அழகுபடுத்தும் மாட், பீப்பாயைத் தன் இடத்துக்கே இழுத்துக்கொண்டது.

தேதி ஏன் பின்னால் போனது என்பதற்கு மதர்போர்டில் இருக்கும் காசு அளவு மின்கலமே காரணம். சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் மின்கலத்தை மல்டிமீட்டரில் பார்த்தபோது 2.1 காட்டியது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் காத்திருப்பு மின்சாரம் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். மின்கலத்தின் வேலை சுவிட்சை அணைத்த பிறகுதான் தொடங்கும். இடி இடிக்கும் இரவுகளில் அம்மா எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி வைப்பது வழக்கம். மறுநாள் காலை, பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்1 அழுத்தவும் என்று திரையில் வரும். பொறுமை இருந்த நாள்களில் உள்ளே போய்த் தேதியைத் திருத்துவேன். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் எஃப்1-ஐ மட்டும் அழுத்திவிட்டுப் போய்விடுவேன். இணையத்தோடு இணைக்காத கணினி என்பதால் விண்டோஸ் எக்ஸ்பி தானாகத் தேதியைச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. அந்தச் செய்தி மூன்று வாரமாக என் முகத்துக்கு நேரே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

முப்பது ரூபாய் மின்கலத்தை மாற்றினேன், தேதியைத் திருத்தினேன், என் கோப்பைத் திறந்து மறுபடி சேமித்தேன். பீப்பாய் நகர்ந்தது. அன்றிலிருந்து எந்தப் பழைய கணினியைத் தொட்டாலும், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும், இந்த மின்கலத்தை முதல் நாளே மாற்றிவிடுகிறேன். மாட் போடுபவர்கள் இதே விதியின் இன்னொரு முகத்தையும் நினைவில் வைக்க வேண்டும்: சுருக்கப்பட்ட கோப்பிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்தெடுக்கும்போது, அதை உருவாக்கியவர் கடைசியாகச் சேமித்த தேதிதான் கூடவே வரும், நாம் நிறுவிய தேதி வராது. நேற்றுப் போட்ட மாட் கடைசியில் ஏறும் என்று எண்ணிக்கொண்டிருப்போம், அது 2004-இல் செய்யப்பட்டதாக இருந்தால் முதல் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும். தேதிகளை மாற்றி வரிசையை ஒழுங்குபடுத்தித் தரும் ரை மேஷ் போன்ற கருவிகள் இதற்கு உதவும்.

என் மடிக்கணினியில் இப்போது ஓபன்எம்டபிள்யூ இருக்கிறது. மோரோவிண்டின் இயக்கப் பொறியை, அதாவது ஆட்டத்தை ஓட்டும் மென்பொருளை, 2008 முதல் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிவரும் திட்டம் அது. மூல ஆட்டத்தின் கோப்புகளை நாம் வைத்திருந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அதில் ஏறும் வரிசை ஓர் அமைப்புக் கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும், கோப்புத் தேதிக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு மாட்டையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் மூல ஆட்டத்தின் மேல் எதுவும் படியாது. புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன். பழைய பொறியிலேயே ஆட விரும்புகிறவர்கள், எதையும் போடுவதற்கு முன் ஆட்டத்தின் கோப்புறையை முழுதாக ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு மாட் என்று போட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அரை மணி நேரமாவது ஆடிப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒரு மாட்டை நீக்காதீர்கள். அது வைத்த பொருள்களின் குறிப்புகள் சேமிப்புக் கோப்பில் தங்கிவிடும். சொந்தமாகச் செய்கிறவர்கள் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் எதையாவது சும்மா தொட்டுப் பார்த்தால்கூட அது மாற்றமாகப் பதிவாகிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வெளியிடுவதற்கு முன் டெஸ்3சிஎம்டி போன்ற ஒரு கருவியால் வேண்டாத பதிவுகளைத் துடைத்துவிடுவது, அதைப் போட்டுக்கொள்ளப் போகும் மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை.

பள்ளி விடுமுறைக்கு வந்த அக்கா மகள் பழைய பெட்டியில்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். கப்பலில் தன் பாத்திரத்துக்குப் பெயர் வைத்து, வரி வசூலிப்பவரைப் பற்றி யாரிடமோ கேட்டுவிட்டு, மழை பெய்துகொண்டிருந்த தெருவில் இறங்கி நடந்தாள். தெருமுனையில் நின்றுவிட்டாள். “மாமா, இங்க ‘அங்காடி’ன்னு எழுதியிருக்கு,” என்றாள். உள்ளே போகச் சொன்னேன். அவள் போகவில்லை, பலகையின் அடியில் போய் நின்று, அண்ணாந்து, புள்ளி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டாள்.